ஊருக்குத் திரும்பிப் போய்ப் படம் எடுப்பது எப்படி: கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு ஒன்பது வயது. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்த அந்த இடப்பெயர்வில் அம்மாவின் தோளில் தொங்கிய பையில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. அல்பத்தை எடுக்க மறந்துவிட்டோம். பிறகு கனடா, ஸ்காபரோவில் ஒரு நிலவறை வீடு, படிப்பு, கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற தொழில். 2013இல் முதல்முறையாகக் கமராவோடு ஊருக்குப் போனேன். பிறகு 2018, 2023. முதல் பயணத்தில் ஏறத்தாழ நாலாயிரம் படம் எடுத்தேன், அதில் இன்றைக்கு மதிக்கக்கூடியது பத்துக்கூட இல்லை. ஏன் இல்லை என்று கண்டுபிடிக்கவே மற்ற இரண்டு பயணமும் தேவைப்பட்டன. கீழே இருப்பது அந்தக் கணக்கு.

சிறுவயதில் புறப்பட்டுப் போனவர்களையும், கனடாவில் பிறந்து அப்பா அம்மாவின் கதைகளில் மட்டும் ஊரைக் கண்டவர்களையும் நினைத்து எழுதுகிறேன். கோயில் கோபுரமும் கடற்கரையும் எடுத்துக்கொண்டு வருவதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை, கைப்பேசியே போதும்.

படி 1: பெரியம்மா வீட்டில் தொடங்குங்கள்

விமானச்சீட்டு எடுக்க முன்னர் மூன்று மாதமாவது உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்வாருங்கள். எங்கள் அல்பம் போனாலும் பெரியம்மா கொழும்பு வழியாக முதலே வந்தவ என்பதால் அவவிடம் ஒரு பிஸ்கற் பேணி நிறையப் படங்களும், கறுப்புத்தாள் அல்பம் ஒன்றும் இருந்தன.

சாதாரண அளவுப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்யுங்கள். பாஸ்போட் அளவுப் படங்களுக்கு 1200, நெகற்றிவ் இருந்தால் 2400க்குக் குறையக்கூடாது. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்ய வேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரை, திகதி, யாருக்கு அனுப்பியது என்ற நீலமைக் கையெழுத்து எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒட்டும் பக்கங்கள் உள்ள எண்பதுகளின் அல்பங்களில் படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற மெழுகு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெதுவாக அரக்குங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களை எழுதும்போது ஒரு கவனம். ‘மாமா’ என்று மட்டும் எழுதினால் பத்து வருடம் கழித்து யாருடைய மாமா என்று தெரியாது. ‘அம்மம்மாவின் இளைய தம்பி, கொடிகாமத்தில் கல்யாணம் கட்டியவர்’ என்று முழுக்க எழுதுங்கள். கதைக்கும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு ஓடட்டும், சொல்லிவிட்டுத்தான்.

பெரியம்மாவின் அல்பத்தில் ஒரு பக்கம். நாலு மூலைக்கும் படம் செருகுகிற சின்ன முக்கோணத் தாள்கள் ஒட்டியிருந்தன. நடுவில் படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் மங்காமல் கடும் கறுப்பாக இருந்தது. பெரியம்மா அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைப் போலவே புரட்டினா. நானும் கேட்கவில்லை. சோதனைச்சாவடிக்குப் பயந்து இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் படங்களைக் கழற்றி எரித்த வீடுகள் எத்தனையோ. இப்படி ஒரு பக்கம் வந்தால் அதையும் ஸ்கான் செய்யுங்கள். கேள்வி வேண்டாம், சொல்ல நினைத்தால் அவர்களே ஒரு நாள் சொல்வார்கள்.

அடுத்து வீட்டின் வரைபடம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்லித் தொகுத்தார், 2011இல் அது நூலாகவும் வந்தது. அந்த வேலையைப் பார்த்துத்தான் நானும் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் தனித்தனியாக ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். ஒரே வீடு. அம்மாவின் படத்தில் குசினி வீட்டின் பாதி. பெரியம்மாவின் படத்தில் கிணறு மேற்கே, அம்மாவுக்கு அது வடக்கே. யார் சரி என்று தீர்க்கப் போகாதீர்கள். இரண்டு தாளையும் பைக்குள் வையுங்கள்.

படி 2: இங்கே இருப்பதை முதலில் எடுங்கள்

என் முதல் பயணத்தின் பெரிய பிழை இது. கனடாவில் ஒரு படமும் எடுக்காமல், ஊரில்தான் ‘நான்’ இருக்கிறேன் என்று நினைத்து ஓடினேன். பனிக்காலத்தில் யன்னலோரம் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் துளசிச் சாடி, சூட்கேசில் வந்த பனங்கட்டிக் குட்டான், நிலவறை வீட்டுச் சாமித்தட்டு, இரவுவேலை முடிந்து வருகிற அப்பாவின் சப்பாத்து. பாதிக் கதை இங்கேதான் நடந்தது. போவதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் இதற்கு ஒதுக்குங்கள்.

படி 3: எந்த மாதம்?

பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றாக வருவதால் நம்மவர்கள் ஓகஸ்ட்டில்தான் போகிறார்கள். யாழ்ப்பாணம் நில நடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருக்கிறது. அதனால் வருடத்தில் இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும், சூரியன் உச்சியிலேயே வந்து நிற்கும். நிழல் காலுக்குள் போய்விடும், கண்குழி இரண்டும் கறுத்துவிடும். அதோடு அங்கே சூரியன் ஏறத்தாழ நேர்குத்தாக இறங்குகிறது. கோடையில் ரொறொன்ரோவில் ஆற அமர ஒரு மணி நேரம் கிடைக்கும் மஞ்சள் வெயில், ஊரில் அரை மணி, முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே விடிந்து, ஆறு மணியை ஒட்டியே இருளும்.

நான் சொல்வது தை, மாசி. மாரிமழை ஓய்ந்து, தோட்டம் பச்சையாக, வெயில் சாய்ந்து வரும் காலம். தென்மராட்சிப் பக்கம் நெல்லு வெட்டும் நடக்கும்.

ஓகஸ்ட்டைத் தவிர்க்க முடியாதவர்கள் பத்து மணியிலிருந்து மூன்றரை வரை விறாந்தைக்குள் வேலை செய்யுங்கள். வெள்ளை மணல் முற்றம் வெயிலைக் கீழிருந்து முகத்தில் அடித்துக் கொடுக்கும், அதைப்போல ஒரு விளக்கைக் காசு கொடுத்தும் வாங்க ஏலாது. ஒன்று மட்டும்: மணலும் வெள்ளை வேட்டியும் கமராவை ஏமாற்றி எங்கள் முகங்களைக் கரியாக்கிவிடும். கமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்ரொப், ஒரு ஸ்ரொப் கூட்டி வையுங்கள்.

படி 4: பைக்குள் என்ன

ஒரு கமரா, ஒரு 35 மில்லிமீற்றர் லென்ஸ், பழுதானால் மாற்றுக்கு இன்னொரு சின்னக் கமரா. நீளமான வெள்ளை லென்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தால் நீங்கள் பத்திரிகைக்காரர், இல்லாவிட்டால் என்ஜிஓ, இல்லாவிட்டால் அதைவிடப் பயப்பட வேண்டிய ஆள்.

பிலிமில் எடுப்பவர்கள் அதைக் கைப்பையில் கொண்டுபோங்கள். சரக்குப் பெட்டியில் போட்டால் அங்கே உள்ள கடும் எக்ஸ்-கதிர் அதைப் பழுதாக்கிவிடும். செம்பாட்டுத் தூசிக்கு ஒரு ஊதுபந்து. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ வள்ளம் ஏறினால் உப்புத்தண்ணீர் தெறிக்கும், கமராவைப் பொலித்தீன் பைக்குள் வையுங்கள், கரை சேர்ந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். ட்ரோன் கொண்டுபோவதென்றால் இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்காமல் பறக்கவிடாதீர்கள். என்னைக் கேட்டால் கொண்டுபோகவே வேண்டாம், எங்கள் சனம் வானத்தில் இரைகிற சத்தத்துக்கு இன்னும் தலையைக் குனிகிறது.

பையில் மிகப் பெறுமதியான சாமான், கைப்பேசியிலிருந்து அந்த இடத்திலேயே படம் அடித்துக் கொடுக்கும் உள்ளங்கை அளவுப் பிரிண்டர். ஏன் என்று கீழே வரும்.

கருவியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 1975இல் பதினைந்து வயதில் சைகோனைவிட்டு அகதியாக அமெரிக்கா போன புகைப்படக் கலைஞர் ஆன்-மை லே, பத்தொன்பது வருடம் கழித்து 1994இல் வியட்நாம் திரும்பியபோது முக்காலியில் நிறுத்தி எடுக்கும் பெரிய வடிவக் கமராவைத்தான் கொண்டுபோனார். ஒரு படத்துக்கே நேரம் பிடிக்கும் கருவி அது. நாலாயிரம் படத்தோடு திரும்பி வந்த பிறகுதான் அவருடைய கறுப்பு வெள்ளை நிலக்காட்சிகளை நான் ஆறுதலாகப் பார்த்தேன். நான் எங்கே அவசரப்பட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

படி 5: போகும் வழி

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் உண்டு, வசதிதான். ஆனாலும் முதல் பயணத்துக்கு, ஓடுகிற நாளாகப் பார்த்து, கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் எடுங்கள். 1990இல் நின்ற யாழ்தேவி 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. பெரும் சண்டைகள் நடந்த ஆனையிறவில் இரண்டு பக்கமும் உவர்வெளி விரிகிற அந்தச் சில நிமிடங்களில் பெட்டியில் உள்ளவர்களின் கதை நின்றுபோவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கமராவை அப்போது வெளியே எடுக்கலாம். முகாம்களையும் சாவடிகளையும் நோக்கித் தூக்க வேண்டாம்.

படி 6: முதல் மூன்று நாள் கமரா பைக்குள்

சைக்கிள் ஒன்று இரவல் வாங்கி ஒழுங்கை ஒழுங்கையாகப் போங்கள். தேத்தண்ணி குடியுங்கள். இரண்டாம் நாளே ஏதாவது ஒரு படலையில் நின்று ஒரு அம்மா கேட்பா:

“தம்பி ஆற்ற பிள்ளை?”

கனடாவில் என்னை யார் என்று கேட்டால் தொழிலைச் சொல்லுவேன். இங்கே அது பதில் இல்லை. அப்பப்பாவின் பெயர், வீடு இருந்த ஒழுங்கை, அம்மா எந்த ஊர்க்காரி, இந்த மூன்றும் வேண்டும். 2013இல் அப்பப்பாவின் பெயரைச் சொன்னேன், அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. ஊரில் அவருக்கு இருந்த பட்டப்பெயர் எனக்குத் தெரியாது. அன்றிரவு கனடாவுக்கு எடுத்துக் கேட்டபோது அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் சொன்னார்: ‘வெத்திலைப்பெட்டியர்’. அடுத்த நாள் அதைச் சொன்னதும் அந்த அம்மா படலையைத் திறந்துவிட்டா. போவதற்கு முன் பட்டப்பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: வீடு

இந்தப் படியில்தான் நான் விழுந்தேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு நான் போனது நாலாம் நாள், விடியக் காலமை. வெயில் அழகாகச் சாய்ந்து மாமரத்தில் விழுந்திருந்தது. வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், இருந்தும் ஒழுங்கையில் நின்றபடியே படலை, மதில், கிணறு என்று ஏழெட்டுப் படம் தட்டினேன். ஐம்பத்தைந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா விளக்குமாறோடு வெளியே வந்தா. என்னைப் பார்த்தா, கமராவைப் பார்த்தா. ஒரு சொல்லும் சொல்லாமல் படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டா.

பக்கத்து வீட்டு ஐயாதான் விளக்கினார். அவ மயிலிட்டிக்காரி. 1990இல் வலிகாமம் வடக்கு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானபோது கலைக்கப்பட்டு, முகாம், உறவினர் வீடு என்று அலைந்து கடைசியில் ஆள் இல்லாத எங்கள் வீட்டில் வந்து இருந்தவ. வெளிநாட்டிலிருந்து கமராவோடு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவவுக்குத் தெரியும்: காணியை அளக்க, படம் எடுத்து விற்க, இருப்பவரை எழுப்ப. அம்மாவின் பையில் அன்றைக்கு இருந்த காணி உறுதி நினைவுக்கு வந்தது. அவ பயந்ததில் பிழையே இல்லை.

ஆகவே முறை இது. முதலில் கமரா இல்லாமல், ஊரில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலிலேயே சொல்லுங்கள்: காணி அலுவலாக வரவில்லை, சின்னனில் இருந்த இடத்தைப் பார்க்க வந்தேன். அன்றைக்குப் படம் கேட்காதீர்கள். அம்மாவும் பெரியம்மாவும் வரைந்த தாள்களை நான் இரண்டாம் முறைதான் காட்டினேன். அவ இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. கிணறு மேற்கேதான், பெரியம்மா சரி. ஆனால் அம்மா வரைந்த குசினி உண்மையிலேயே பெரிசாக இருந்ததாம், செல் (எறிகணை) விழுந்து பாதி போனதை இவதான் மறித்துக் கட்டினவ.

அதன்பிறகு அவ கேட்டது: “எங்கட வீட்டையும் ஒருக்கா எடுத்துத் தருவியளோ தம்பி?”

மயிலிட்டிக்குள் அப்போது போக முடியாது.

படி 8: ஆட்களைப் படம் எடுப்பது

கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். “நில்லுங்கோ, சீலை மாத்திப்போட்டு வாறன்” என்று உள்ளே போவார்கள். இயல்பாக இருக்கட்டும் என்று நீங்கள் தடுக்காதீர்கள். நம் சனத்துக்குப் படம் என்பது ஸ்ரூடியோவில் நிமிர்ந்து, சிரிக்காமல், கையை மடியில் வைத்து எடுப்பது. அந்த நிமிர்வு பாட்டன் பூட்டன் படங்களிலிருந்து வருகிறது. உங்கள் பேணிக்குள் கிடந்த படங்களை ஒருமுறை பாருங்கள், அதே நிற்பு.

அவர்கள் விரும்புகிற படத்தை முதலில் எடுங்கள். உடனே அந்தச் சின்னப் பிரிண்டரில் அடித்துக் கையில் கொடுங்கள். அதைச் சுற்றி வீட்டுக்காரர் கூடிக் கதைக்கும்போது, உங்களை மறந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், உங்களுக்கு வேண்டிய படம் கிடைக்கும்.

நல்லூருக்குள் படம் எடுக்கக்கூடாது, ஆண்கள் மேலாடை கழற்றித்தான் போக வேண்டும். 25 நாள் திருவிழாவில் 24ஆம் நாள் தேர். அன்றைக்கு வீதியில் சனநெருக்கத்துக்குள் லென்ஸை நீட்டுவதைவிட, தேர் போன பிறகு கச்சான் கடைப் பக்கம் வாருங்கள். லண்டன், பாரிஸ், ரொறொன்ரோவிலிருந்து வந்த பிள்ளைகள் பட்டுச்சட்டையோடு எந்த மொழியில் விலை கேட்பது என்று தெரியாமல் நிற்பதை அங்கேதான் காணலாம். ஒருவகையில் நானும் அவர்களும் ஒன்றுதான்.

படி 9: சுலபமான படங்கள்

கூரை இல்லாத வீடு, சுவரைப் பிளந்த ஆலமரம், சன்னம் துளைத்த தூண். வெளிநாட்டுக் கண்காட்சிகளில் இவை நன்றாக எடுபடும். எடுங்கள், தடையில்லை. ஆனால் அதே சுவருக்கு முன்னால் ரியூசனுக்குச் சைக்கிளில் பறக்கிற பிள்ளைகளைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளுவதற்காகக் காத்திருந்தீர்கள் என்றால் நீங்கள் எடுத்தது உங்கள் துக்கத்தை, ஊரை எடுக்கவில்லை. 2013இல் நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால், அந்தத் தாய் தன் முகத்தைக் காட்ட அங்கே இருக்கவில்லை என்பது நினைவிருக்கட்டும். மடியில் உள்ள பிள்ளையின் படம்தான் தெரிய வேண்டும். லமினேற் செய்த படங்களில் வெயில் பட்டு முகம் வெள்ளையாகிவிடும், ஆகவே ஒரு அடி பக்கமாக நகர்ந்து, மினுக்கம் போனதைப் பார்த்து, மடியில் உள்ள படத்தில் குவியத்தை வையுங்கள். முடிந்ததும் திரையில் காட்டி, “பிள்ளை வடிவாத் தெரியுதோ அம்மா?” என்று கேளுங்கள்.

படி 10: இரவு வேலை

ஒவ்வொரு இரவும் இரண்டு பிரதி: ஒன்று கூட இருக்கும் டிஸ்கில், மற்றது வேறொரு பையில். இணைய வேகம் கிடைக்கும் இடத்தில் மூன்றாவதை மேகத்தில் ஏற்றுங்கள். படக்குறிப்பை அன்றைக்கே தமிழில் எழுதுங்கள். கிடுகு, கதியால், துலா, பட்டை என்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் பிறகு திருப்பப் பார்த்தேன், பாதி வரவில்லை. யாருடைய பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்பதையும் அதே குறிப்பில் அடையாளமிடுங்கள்.

படி 11: திரும்பி வந்த பிறகு

ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு நூறு படத்தை 4க்கு 6 அங்குலத்தில் மலிவாக அடித்து நிலத்தில் பரப்பி, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நான் பெருமைப்பட்ட மாமரத்து வெயிலைப் பெரியம்மா கடந்து போய்விட்டா. பின்னணியில் கலங்கலாக இருந்த ஒரு அலுமினியக் குடத்தைத் தூக்கிப் பிடித்து, “இது எங்கட வீட்டுக் குடமல்லோ” என்றா. இல்லை, அது அந்த மயிலிட்டி அம்மாவின் குடம். ஆனால் அந்தப் படம் அன்றைக்குத் தேர்வுக்குள் வந்தது, இன்னும் இருக்கிறது.

பனியையும் பனையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ‘இரண்டு உலகம்’ என்று காட்ட ஆசை வரும். சொல்லாகப் பார்க்கவும் பொருந்தும். விட்டுவிடுங்கள், எல்லாரும் அதைச் செய்துவிட்டார்கள். ஸ்கான் செய்த பழைய படங்களை, குடும்பம் சம்மதித்தால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் ‘நூலகம்’ என்ற இணைய ஆவணக் காப்பகம் போன்ற இடத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

படி 12: படங்களோடு மறுபடி போவது

எடுத்த ஆட்களுக்குப் படம் கொண்டுபோய்க் கொடுக்காதவரை வேலை முடியவில்லை. 5க்கு 7 அங்குலம், பின்பக்கத்தில் பெயரும் திகதியும் தமிழில், யாழ்ப்பாண நகரத்திலேயே லமினேற் செய்துகொள்ளுங்கள். அங்கத்தைய ஈரலிப்புக்கு வெறும் தாள் நிற்காது. கலைப்படத் தாளில் மங்கலாக அடித்துக் கொண்டுபோனேன், “நிறம் போட்டுது போல” என்று கவலைப்பட்டார்கள். பளபளப்பாக அடியுங்கள்.

2018இல் நான் போனபோது அந்த மயிலிட்டி அம்மாவும் தன் வீட்டைப் படம் எடுப்பிக்க ஆயத்தமாக இருந்தா. அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் சனத்துக்குத் திரும்ப விடப்பட்டிருந்தது. ஓட்டோ பிடித்துப் போனோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பற்றையும். கிணறு மட்டும் கட்டு உடையாமல் நின்றது. அவ சீலையை இழுத்துச் செருகி, கிணற்றுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து, சிரிக்காமல் நின்றா. எடுத்தேன். சின்னப் பிரிண்டரில் அடித்துக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

“வாளி இல்லையே தம்பி. ஆள் இல்லாத கிணறு மாதிரி இருக்கு.”

பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருந்தவர்களிடம் போய் ஒரு வாளி வாங்கிவந்து கிணற்றுக்கட்டில் வைத்தா. கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் போட்டா. பிறகு அதே இடத்தில் போய் நின்றா. மறுபடி எடுத்தேன்.